வீட்டுச் சாமானுக்கு எடை கிடையாது

கொடைக்கானலில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரியாத சட்டம் கிடையாது. ஓய்வு பெற்று திண்டுக்கல்லுக்கு வீடு மாறிய அன்று, வாடகை லாரியின் டிரைவருக்கு அதில் ஒன்றைக் கற்பித்தேன். அவர் வடகவுஞ்சிக்காரர், தினமும் கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு மலை இறங்குபவர். கீழே எடை மேடையில் நிறுத்தி எடை பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அது காய்கறி வண்டிக்கு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் எதற்கு எடை என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வகுப்பில் யாரும் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துப் பழகியவன் நான்.

என் மனைவிக்கு மலையை விட்டு இறங்க மனமே இல்லை. தோட்டத்திலிருந்து எடுத்துவரும் எதையும் வழியில் இறக்கச் சொல்லக் கூடாது என்பதுதான் அவள் வைத்த ஒரே நிபந்தனை. நாலு ஹைட்ரேஞ்சியா செடிதானே என்று பெரிய மனது பண்ணிச் சம்மதித்தேன். சாமான் ஏற்றும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு பென்ஷன் விதிகளை விளக்கிக்கொண்டிருந்ததால் வேறெதையும் கவனிக்கவில்லை.

என் பேச்சைக் கேட்டு டிரைவர் எடை மேடையைத் தாண்டி ஓட்டினார். கொஞ்ச தூரத்திலேயே போக்குவரத்துத் துறை ஜீப் வந்து மறித்தது. இறங்கிய அதிகாரியிடம் வீட்டுச் சாமான் என்றேன், வாடகை வண்டி என்றேன், வாத்தியார் என்றேன். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

“எடை பாக்கணும்னா பாத்துத்தான் ஆகணும் சார். உள்ள கட்டில் இருந்தா என்ன, கருங்கல் இருந்தா என்ன?”

திருப்பிக் கொண்டுபோய் எடை போட்டதில் பாரம் அதிகம் என்று வந்தது. தார்ப்பாயை விலக்கினால் பீரோவுக்குப் பின்னால் வரிசையாகச் சாக்குகள். எல்லாம் மண். எங்கள் கொல்லையின் கறுப்பு மண். சமவெளி மண்ணில் அவள் செடி பிழைக்காதாம். எனக்குப் பிரிவு உபசார விழாக்களில் மாலை விழுந்துகொண்டிருந்த வாரம் முழுக்க அவள் தோண்டிக் கட்டியிருக்கிறாள்.

அதிகப் பாரத்தை இறக்கினால்தான் வண்டியை விடுவேன் என்றார் அதிகாரி. சாக்குகளை இறக்குங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

“எறக்கச் சொல்ல மாட்டேன்னீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேக்கு மேஜையும் மூன்று இரும்புப் பெட்டிகளும் இறங்கின. பெட்டிகளில் முப்பது வருடப் பாடக்குறிப்புகள். என்றாவது புத்தகமாகப் போட்டு உலகத்தைத் திருத்துவதாக இருந்தேன். பக்கத்து டீக்கடையில் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

ஒரு மாதம் கழித்து எடுக்கப் போனேன். டீக்கடைக்காரர் மரியாதையாக உட்காரவைத்து வடை கொடுத்தார். வடைக்கு அடியில் என் கையெழுத்து. ‘பாடத்தின் நோக்கம்’ வரை படிக்க முடிந்தது, மீதியில் எண்ணெய்.

“சார் வரலையேன்னு எடுத்துட்டேன். நல்ல தாளுங்க, எண்ணெய வெரசா இழுக்குது” என்றார். என் உழைப்பைப் பற்றி யாரும் இவ்வளவு நேராகப் பாராட்டியதில்லை. வடையைத் தின்று முடித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“மிச்சத் தாள் இருக்குதுங்களா? வேருல போட்டா ஈரம் நிக்கும்.”

ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. நானே உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். நாலு செடியில் ஒன்று பிழைத்திருக்கிறது.