இரண்டாக வெட்டிய மெத்தை

வஹீதா பொறாமைக்காரி என்று அவளைத் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டில் கார் வாங்கினால் முதல் ஆளாகப் போய் ஏறி உட்கார்ந்து, "ஏசி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிறவள். அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு ஜீப்பின் மேல் பொறாமை வந்தது.

ஜீப், ஸ்ரீரங்கம் கிழக்கு உத்தர வீதியில் இருக்கும் சம்பத்துடையது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற கையோடு, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி ஒன்றைத் தேடி வாங்கி, பாலக்கரையில் வஹீதாவின் கணவர் கலீல் வைத்திருக்கும் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்துத் தர வேண்டும். அவரும் மனைவி சுபஸ்ரீயும் லடாக் வரை போகப் போகிறார்கள்.

"வழியில ஹோட்டல்ல தங்கிக்கலாமே சார்?" என்று கேட்டார் கலீல்.

"இவ வெளியில பச்சைத்தண்ணி தொட மாட்டா. காசிக்குப் போனப்போ நாலு நாளும் வாழைப்பழம்தான். அடுப்பு வந்தாத்தான் இவளும் வருவா."

"அப்போ அடுப்பை மட்டும் அழைச்சுண்டு போங்கோ, நான் எதுக்கு?" என்றாள் சுபஸ்ரீ.

ஷெட்டின் மூலையில் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்த வஹீதாவும் அப்போது சேர்ந்துதான் சிரித்தாள்.

வஹீதாவுக்கு நிக்காஹ் ஆன நாற்பத்தோராம் நாள் கலீல் சவுதியில் இருக்கும் தம்மாமுக்கு விமானம் ஏறினார். பதினாறு வருஷம் அங்கேதான். பாலைவனத்துக்குப் போய்த் தங்கும் குடும்பங்களுக்கு வண்டிக்குள் வீடு அமைத்துக் கொடுக்கிற கம்பெனி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், போட்டோ காட்டுவார். படுக்கையை மடித்தால் மேஜை, மேஜைக்கு அடியில் அலமாரி. வஹீதா பார்த்து வைத்துக்கொள்வாள். அந்த வருஷங்களில் அவள் மாமியாரைக் கவனித்தாள், மகள் அல்ஷிஃபாவை வளர்த்தாள், தையல் பழகினாள். நாகூருக்குப் போயிருக்கிறாள். ஒரு கல்யாண வேனில் ஏற்காடு போயிருக்கிறாள், மடியில் வாந்தி எடுக்கிற யாருடையதோ பிள்ளையோடு.

கலீல் திரும்பி வந்த பிறகும் ஷெட்டில் கார் சீட்டுக்கு உறை போடுகிற வேலைதான் நடந்தது. வண்டிக்குள் ஒரு வீடு எழும்புவதை அவள் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல்முறை. போட்டோவில் பார்த்தபோது இல்லாத உறுத்தல் இப்போது இருந்தது.

அது எந்த நிமிஷம் தொடங்கியது என்றும் சொல்லலாம். பின்கதவைத் திறந்து இழுத்தால் அடுப்புப் பலகை வெளியே வரும். தரையில் நின்று சமைக்கலாம். அதற்காகக் கலீல் சுபஸ்ரீயை நிற்கவைத்தார். "நேரா நில்லுங்க மேடம். கையை மடிங்க." தரையிலிருந்து முழங்கை வரை டேப்பில் அளந்து, அதற்கு நாலு விரல் கீழே கோடு போட்டார். "ரெண்டு மணி நேரம் நின்னாலும் முதுகு வலிக்காது."

வஹீதாவின் அடுப்பு மேடை மாமியார் காலத்தது. மாமியார் நெட்டை, சுபஸ்ரீயைப் போலவே. சோறு வடிக்க வஹீதா இன்றைக்கும் எம்பித்தான் நிற்கிறாள்.

மத்தியானம் சாப்பாடு போடும்போது கேட்டாள்: "என் முழங்கை எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கையிலதான் இருக்கும். ரசத்த ஊத்து."

ரசப் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மெத்தை தைக்கிற வேலை அவளுடையது. நாலடி அகலம், ஆறடி நீளம், ஒரே மெத்தை என்பது கணக்கு. வெள்ளிக்கிழமை கலீல் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். ஸ்பாஞ்சைத் தரையில் விரித்து அதன்மேல் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, பிளேடை எடுத்துத் தலையிலிருந்து கால் வரை நடுவே கிழித்தாள். வெட்டின ஸ்பாஞ்சு வெட்டினதுதான். பசை போட்டு ஒட்டினாலும் நடுவில் வரப்பு மாதிரி நிற்கும்.

திரும்பி வந்த கலீல் தலையில் தொப்பியோடு அப்படியே நின்றார். "என்ன பண்ணி வச்சிருக்க?"

"மடிக்க ஈசி."

"புருஷன் பொண்டாட்டி படுக்கிற மெத்தை இது."

"பதினாறு வருஷம் தனித்தனியாப் படுத்தோமே, செத்தா போயிட்டோம்?"

கலீல் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் பேசியது ஸ்க்ரூடிரைவரிடம்தான்.

திங்கட்கிழமை தம்பதி வேலையைப் பார்க்க வந்தார்கள். "மேடம், மெத்தையில ஒரு சின்ன..." என்று கலீல் ஆரம்பிப்பதற்குள் சுபஸ்ரீ இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

"இதை நீங்களா யோசிச்சேளா? இவர் ஒரு தடவை புரண்டா நான் தூக்கிவாரிப் போட்டு எழுந்துப்பேன். தனித்தனியா கேக்க வெக்கமா இருந்தது."

சம்பத் ஷெட்டின் கூரையைப் பார்த்தார். வஹீதாவின் மெஷினில் நூல் அறுந்தது. அவளுடைய எரிச்சல்கூட அந்தம்மாவுக்கு வசதியாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

கிளம்பும்போது சுபஸ்ரீ சொன்னாள்: "புதன்கிழமை நாள் நன்னாயிருக்கு. வண்டியை எடுத்துக்கறோம். முதல்ல நான் பால் காய்ச்சணும். அதுவரைக்கும் அடுப்பை யாரும் ஏத்திடாதேள்."

கொடுப்பதற்கு முன் வண்டியை மலைப்பாதையில் ஒருதரம் ஏற்றி இறக்குவது கலீலின் வழக்கம். எந்த ஆணி முனகுகிறது என்று அப்போதுதான் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை பச்சைமலைக்குக் கிளம்பினார். வஹீதா புர்காவும் பையுமாக வந்து நின்றாள்.

"எங்க?"

"வண்டியிலதான்."

"அங்க உனக்கென்ன வேலை?"

"மேட்டுல ஏறுறப்ப மெத்தை நழுவுதான்னு பாக்க வேணாமா? தச்சவ நான்."

இத்தனை வருஷத்தில் நானும் வருகிறேன் என்று அவள் சொன்னதில்லை. கலீல் முன்கதவைத் திறந்துவிட்டார். "சரி, முன்னாடி ஏறு."

"மெத்தை பின்னாடிதான இருக்கு?"

துறையூர் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. மேலே மரவள்ளிக் கொல்லை ஓரமாகக் கலீல் வண்டியை நிறுத்தி, அடுப்புப் பலகையை இழுத்துப் பார்த்தார். சத்தமில்லாமல் வந்தது. வஹீதா பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, பற்றவைக்காத அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தாள். பலகை அவள் நெஞ்சுக்கு வந்தது.

"எனக்கு உயரம்."

"உனக்குச் செஞ்சது இல்லையே."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு இன்னும் சுட்டது. நாளைக்கு இதே இடத்தில் பால் பொங்கும். மேலே இருக்கிற வார்னிஷ் போட்ட பலகையைச் சுபஸ்ரீ படுத்துக்கொண்டு பார்ப்பாள். ஜன்னல் வழியாகப் பனிமலையைப் பார்ப்பாள்.

வஹீதா உள்ளே போய் ஒரு மெத்தையில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து மற்றொன்றில் படுத்தார். ஜன்னலில் காற்று நன்றாக வந்தது. ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனார். அவள் தூங்கவில்லை.

சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பினதும், கலீல் கை கழுவி வருவதற்குள் வஹீதா போனை எடுத்தாள். "மேடம், நான் வஹீதா பேசறேன். மெத்தை கொஞ்சம் நழுவுதுங்க. அடியில பெல்ட் வைக்கணும். வச்சு இன்னொரு மலை ஏத்திப் பாத்தாத்தான் நம்பி அனுப்ப முடியும். புதன் வேணாம், வேற நல்ல நாளாப் பாத்துக்குங்க. ஆமாங்க, நாங்களே போயிட்டு வரோம்."

கலீல் துண்டோடு நின்றிருந்தார். "எங்க நழுவுச்சு? நானும்தான படுத்திருந்தேன்?"

"நீங்க தூங்கிட்டீங்க. முழிச்சிருந்தவ நான்" என்றாள் வஹீதா. "வியாழக்கிழமை கொல்லிமலை. அங்க வளைவு அதிகமாம்."