படத்தில் வந்த யாகப்பம்மாள்

தங்கச்சிமடம் யாகப்பம்மாளுக்குப் பொறாமை புதிதல்ல. பக்கத்து வீட்டுக் கருவாடு சீக்கிரம் காய்ந்தாலே அவளுக்கு வயிறு எரியும். ஆனால் ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு மெட்ராஸ் நடிகையைப் பார்த்து எரிந்தாளே, அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

அதற்கு ஆறு வருஷத்துக்கு முன் சங்கு வியாபாரி ஒருவர் கை கட்டப்பட்டுக் கரையில் பிணமாகக் கிடந்தார். முந்தின நாள் அவரோடு சண்டை போட்டவன் என்று அவள் கொழுந்தன் மரியதாஸுக்கு அங்கேயே விலங்கு போட்டார்கள். யாகப்பம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பிணத்தின் கையைப் பார்த்தாள்.

"அய்யா, இது மாடு கட்டுற முடிச்சு. எங்க ஆளுக கயிறத் தொட்டாத் தோணி முடிச்சுத்தான் விழும்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

தேடியதில் சந்தைக்கு வந்துபோகிற மாட்டுத் தரகன் ஒருவன் அகப்பட்டான். மரியதாஸ் வீடு வந்து சேர்ந்தான்.

நான்கு உண்மைக் கொலை வழக்குகளை ஒரே படமாகக் கோத்து எடுக்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கியபோது, யாகப்பம்மாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். தன் வேஷத்துக்குத் தன்னை விட்டால் யார் என்ற நினைப்பு அவளுக்கு.

அங்கே எலுமிச்சம்பழ நிறத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒருவன் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். அவள்தான் யாகப்பம்மாளாம். கரை ஜனங்களுக்குப் பிணத்தைச் சுற்றி நின்று அழுகிற வேலை.

"சாயம் எதுக்கு? நான் சும்மாவே கறுப்புத்தான" என்றாள் யாகப்பம்மாள்.

டைரக்டர் சிரித்தார். "உங்க முகத்தப் பாக்க யாரும்மா டிக்கெட் வாங்குவா?"

நடிகைக்குக் குடை பிடித்தார்கள், இளநீர் வெட்டினார்கள். யாகப்பம்மாளின் புருஷன் இன்னாசிகூட வாயைப் பிளந்துகொண்டு நின்றான். யாகப்பம்மாளுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

பிணமாக நடிப்பவன் கையில் அந்த மாட்டு முடிச்சைப் போட்டுத்தரச் சொன்னார் டைரக்டர். அவள் தோணி முடிச்சைப் போட்டாள். தெரிந்தேதான் போட்டாள். 'இது கடல்காரர் முடிச்சில்லை' என்று நடிகை அதைக் காட்டி வசனம் பேசட்டும், பார்க்கிற கரை முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கட்டும். நினைக்கவே இனித்தது.

இன்னாசி கெடுத்தான். நல்லது செய்வதாக நினைத்து டைரக்டரிடம் போய், "முடிச்சு மாறிப்போச்சுய்யா, இது எங்க ஆளுக போடுறது" என்றான்.

டைரக்டர் யோசித்தார். "இதுவே இருக்கட்டும். கொலகாரன் மீன்காரன்னா படம் இன்னும் நல்லா வரும்."

தப்பாகக் கட்டிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்நேரம் பார்த்து நடிகை, "இந்தம்மாவுக்குத் தான் கண்டுபிடிச்ச முடிச்சே தெரியலையே" என்று சிரித்தாள். அவள் முன்னால் தலைகுனிவதா? யாகப்பம்மாள் வீட்டுக்கு நடந்தாள்.

மறுவருஷம் ராமநாதபுரத்தில் படம் ஓடியது. தங்கச்சிமடத்து ஆட்களும் ரயிலேறி மதியக் காட்சிக்குப் போனார்கள். நான்கு கதையிலும் துப்புக் கண்டுபிடித்தவர்கள் வெளுத்த முகம், நடிகையின் கறுப்புச் சாயம்கூட விளக்கு வெளிச்சத்தில் வெளுத்திருந்தது; கொன்றவர்கள் கறுத்த முகம். கடைசிக் கதையில் நடிகை கயிற்றைத் தூக்கிக் காட்டி, "இது கடல்காரர் முடிச்சு" என்றாள். கழுத்தில் சிலுவை போட்ட ஒரு தோணிக்காரனை, அவளுக்குக் கொழுந்தனாக வந்தவனை, தூக்கில் போட்டார்கள். ராமநாதபுரத்துக்காரர்கள் கைதட்டினார்கள்.

படம் முடிந்து மரியதாஸ் கொட்டகைக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்தான். படம் பிடித்த நாட்களில் அவன் கடலில் இருந்தவன்; முடிச்சைப் போட்டது யாரென்று அவனுக்குத் தெரியாது. வெளியே வந்தவர்களில் இரண்டு பேர் அவன் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல மதினி" என்றான். "நீங்க நெசத்தச் சொல்லித்தான நான் உசுரோட இருக்கேன். அந்த முடிச்ச மாத்துன பய மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

முடிச்சுப் போட்ட கையை யாகப்பம்மாள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வெயில்ல நிக்காதிய, இங்கன வாங்க" என்று அவன் நகர்ந்து நிழலில் இடம் விட்டான். அவள் போகவில்லை.