என் பெயரில் ஏற்கெனவே ஒருத்தி

நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, உங்களை நம்ப வைக்கும் தெம்பும் எனக்கு இல்லை. பேய், பிசாசு, ஆவி என்று பயப்படுவதற்குக்கூடக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் இல்லையா, எனக்கு அது வாய்த்ததே இல்லை. விடியும்போது தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பஸ்ஸில் இடிபட்டு ஆபீஸ் போய், நாள் முழுக்க காதில் ஹெட்போன் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசைக்கு நடுவில் தூங்கி விழுகிறவள் நான். சாமியிடமே எனக்கு அரைகுறைப் பேச்சுவார்த்தைதான், அப்புறம் ஆவி எங்கே. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், மைசூர் விஜயநகரில், டியூப்லைட் வெளிச்சத்தில், பக்கத்து நாற்காலியில் ஒருவர் சமோசா தின்றுகொண்டிருக்கும்போது நடந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை நாங்கள் கேட்டுக் கேட்டு இங்கிலீஷில் டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் வேலை. அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். கொள்ளேகாலிலிருந்து பிழைப்புக்கு வந்து பன்னிமண்டபம் பக்கம் வாடகை வீட்டில் ஒண்டியவர்கள் நாங்கள். அண்ணன் சேவியர் மஸ்கட்டில், கட்டிட கம்பெனி ஒன்றின் கேம்ப்பில் ஸ்டோர் கீப்பர்.

அந்த அண்ணனிடமிருந்து கடிதம் வருவது திடீரென்று நின்றுபோனது. மாதக்கணக்கில் ஒரு வரி இல்லை. நாங்கள் போட்ட கடிதங்கள் என்ன ஆயின என்றும் தெரியவில்லை. அனுப்பி வைத்த ஏஜென்ட்டைப் பார்க்கப் போனால் கடையையே காலி செய்திருந்தான். அம்மா வெளியே காட்டிக்கொள்கிற ஆள் இல்லை, ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு எதையாவது சாக்கு வைத்து வாசலுக்குப் போய் நிற்பாள், அவர் சைக்கிளை நிறுத்தாமல் போனதும் உள்ளே வந்து என்மேல் எரிந்து விழுவாள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், கேட்டால் பசியில்லையாம். அண்ணன் உயிரோடு இருக்கிறானா இல்லையா, எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

கடைசிக் கடிதத்தில் அவன் ஒன்று எழுதியிருந்தான். ஸ்டோர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது, உலகத்தில் எங்கே இருந்தும் அதற்குள் வரலாம், வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு, மத்தியானம் நான் அதில்தான் இருப்பேன், உன் ஆபீஸில் இன்டர்நெட் லைன் இருந்தால் நீயும் வா, பேசலாம் என்று. அப்போது படித்துவிட்டு இவனுக்கு வேறு வேலை இல்லை என்று மடித்து வைத்துவிட்டேன். வழி எல்லாம் அடைபட்ட பிறகுதான் அது ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அடிக்க ஃபைல் எதுவும் வராமல் உட்கார்ந்திருந்த நேரம், பக்கத்து சீட் மஞ்சுநாத்திடம் கேட்டேன். அவருக்கு இந்த விளையாட்டுப் பைத்தியம் உண்டு. கன்னடக்காரர், சினிமா பார்த்துப் பழகிய தமிழ்.

"அய்யோ, அதா? அது ஹளே கேம் மேடம், ரொம்ப பழசு. படமே இல்ல, எழுத்துதான். நமக்கு லைன் தாங்கறது அதுதான், வாங்க" என்று சமோசாவோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கறுப்புத் திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. எல்லாம் சர்வர் என்றார். ஒவ்வொன்றிலும் அதே ஊர், அதே கடைத்தெரு, அதே கிணற்றடி, எதுவும் மாறாது. ஆனால் ஒன்றில் இருப்பவர்கள் இன்னொன்றில் இருப்பவர்களைப் பார்க்கவே முடியாது, ஒரு பக்கம் ஊரே எரிந்தாலும் மறு பக்கம் தெரியாது.

"முதல்ல ஒண்ணு செலக்ட் பண்ணா அதிலேயே இருக்கணும். புதுசா வர்றவங்க கூட்டம் இருக்கிற சர்வருக்குத்தான் போகணும் மேடம். நாலு பேர் சொல்லிக் குடுப்பாங்க."

"எங்க அண்ணன் எதுல இருக்குன்னு அதுல எழுதலியே."

"அப்போ கஷ்டம்" என்று அவர் அடுத்த சமோசாவை எடுத்தார்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் கூட்டத்துக்கு ஆகாதவன். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் எங்களை எந்த பஸ்ஸிலாவது முதலில் ஏற விட்டிருக்கிறானா? எல்லோரும் முண்டியடித்து ஏறும் பஸ்ஸை விட்டுவிட்டு, பின்னால் காலியாக வரும் என்று வெயிலில் நிறுத்தி வைப்பான். அது சில நாள் வரும், பல நாள் வராது. நாங்களும் அதே புத்திக்காரர்கள்தான், முணுமுணுத்துக்கொண்டே நிற்போம். அதனால் வரிசையில் கடைசியாக, ஈ காக்கா இல்லாமல் கிடந்த சர்வரைக் காட்டினேன். அங்கே யாருமே இருக்க மாட்டார்களே என்று மஞ்சுநாத் தலையில் அடித்துக்கொண்டார்.

பெயர் கேட்டது. சின்ன வயதில் நான் குச்சி மாதிரி இருப்பேன், அண்ணன் என்னை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு அடையாளம் தெரியட்டும் என்று அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, பாஸ்வேர்டைச் சொல் என்றது.

உலகத்தில் வேறு யார் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்துக்கொள்வார்கள் சொல்லுங்கள். எனக்கு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அண்ணன்தான் எனக்காகத் தயாராகச் செய்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன், நீங்களும் இப்போது அதைத்தான் நினைக்கிறீர்கள். எங்கள் பழைய நாயின் பெயரைப் போட்டேன், திறக்கவில்லை. அம்மா பெயர், திறக்கவில்லை. கொள்ளேகால் வீட்டுத் தெருவின் பெயர், அதுவும் இல்லை. அலுத்துப்போய், கை பழக்கத்தில், தினமும் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்க அடிப்பதை அடித்தேன். அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணும் கலந்தது, ஆபீஸிலேயே கொடுத்தது, அண்ணன் மஸ்கட் போன பிறகு மாற்றிக் கொடுத்தது. மஞ்சுநாத்துக்குக்கூடத் தெரியாது.

திறந்துவிட்டது.

நான் கிணற்றடியில் நிற்கிறேன் என்று எழுதிக் காட்டியது. பையில் என்ன இருக்கிறது என்று மஞ்சுநாத் பார்த்தார். வாள் இல்லை, ரொட்டி இல்லை, பை நிறைய மெழுகுவர்த்தி. "இதை யாரும் வாங்க மாட்டாங்களே மேடம், எதுக்கும் ஆகாது" என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கிணற்றடிக்கு சேவி என்று ஒருவர் வந்ததாகத் திரை சொன்னது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வரிவரியாக வர ஆரம்பித்தது.

"என்ன புள்ள, இன்னிக்கு இவ்வளவு நேரமாயிருச்சு? வர மாட்டியோன்னு நெனச்சேன்."

அவசர அவசரமாக அடித்தேன். "அண்ணா, நீதானா? நல்லா இருக்கியா? ஏண்ணா ஒரு கடுதாசிகூடப் போடல?"

"கடுதாசி எதுக்கு? வாரா வாரம் இங்கதான பேசறோம். போன வாரம் அழுதுட்டே இருந்தியே, இப்ப தேவலையா? முப்பதாம் நாள் பூசை குடுத்தாச்சா? அம்மா கல்லறைக்கு சிலுவை வெக்கணும்னு சொன்னியே, வெச்சாச்சா?"

அம்மா காலையில்தான் என் டிபன் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு ஊற்றி, மூடியைச் சரியாக மூடத் தெரியாத கழுதை என்று திட்டி அனுப்பியிருந்தாள், அந்த வாசனை என் பையில் இருந்தது. நான் அதை அப்படியே அடித்தேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லைண்ணா, நல்லா இருக்குது, காலையில்கூட என்னைத் திட்டிச்சு, உன் கடுதாசி வரலைன்னுதான் ராத்திரி சாப்பிட மாட்டேங்குது என்று.

பதில் வந்தது.

"விளையாடாத புள்ள. நீதான சொன்ன, அடக்கம் முடிஞ்சுருச்சு, இனி வந்து யாரைப் பார்க்கப் போறன்னு."

"நான் இன்னிக்குத்தாண்ணா மொத மொத இதுக்குள்ள வர்றேன். மாதா சத்தியமா."

எதிர் வீட்டு ஃபோன் நம்பரை அடித்தேன், சாயங்காலம் கூப்பிடு, அம்மாவையே பேச வைக்கிறேன் என்று அடித்தேன், அதற்குள் கரண்ட் போய்விட்டது. இருட்டுத் திரையில் என் முகம் தெரிந்தது. மஞ்சுநாத்துக்குத் தமிழ் புரியும், வாசித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார், மிச்ச சமோசாவைத் தின்னவில்லை. "மேடம், மனேகெ ஹோகி, வீட்டுக்குப் போங்க" என்றார்.

சாயங்காலம் ஃபோன் வந்தது. அம்மா ரிசீவரைக் காதில் வைத்ததும் அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை விம்மி விம்மி அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்டா தடிமாடு, இத்தனை நாள் எங்கடா தொலைஞ்ச, பெத்தவ இருக்கேன்னு ஞாபகம் இல்லையா, அழுதா விட்ருவனா, ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா" என்று எதிர் வீட்டுக்காரர்கள் முன்னாலேயே பிடித்து உலுக்கி எடுத்தாள். அன்று ராத்திரி அம்மா சாப்பிட்டாள். நான்தான் சாப்பிடவில்லை.

வேலையை விட்டுவிட்டுச் சில வாரங்களில் அண்ணன் வந்து சேர்ந்தான். அம்மா சமையலறையில் இருந்தபோது எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். அவன் கடிதம் போட்ட கொஞ்ச நாளிலேயே கிணற்றடிக்கு நான் வந்துவிட்டேனாம். வாராவாரம் வீட்டுக் கதை பேசுவேனாம், அதனால்தான் அவன் எழுதுவதை விட்டான். கேம்ப் வேறு இடத்துக்கு மாறியதையும் என்னிடம்தான் சொன்னானாம், எங்கள் கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போய்த் தொலைந்திருக்கின்றன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள், நான் வேலைக்குப் போயிருந்தேன், சாயங்காலம் வந்துதான் பார்த்தேன் என்று சொன்னேனாம்.

அம்மா விழுந்தது நிஜம். அண்ணனுக்கு நாங்கள் யாரும் அதை எழுதவில்லை. அன்று எனக்குப் பல்வலி, கன்னம் வீங்கி வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன், சத்தம் கேட்டு ஓடித் தூக்கினேன். பிரஷர் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். ஒரு பல் வலிக்காமல் இருந்திருந்தால் என்று நான் ஒரு தடவை நினைத்தேன், அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். தெரிந்தவன் எவனாவது இருக்கும், உன் பாஸ்வேர்டைத் திருடியிருப்பான் என்று. நானும் வருஷக்கணக்காக அப்படி யாரையாவது கண்டுபிடிக்கப் பார்த்துக் களைத்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமையே மஞ்சுநாத்தோடு அதே சர்வருக்குப் போனேன். என் பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை, யாரோ மாற்றியிருந்தார்கள். வேறு பெயரில் உள்ளே போய்ப் பார்த்தோம், கிணற்றடியில் யாரும் இல்லை. கொஞ்ச காலத்தில் அந்த சர்வரையே மூடிவிட்டார்கள். அம்மாவிடம் நாங்கள் இதைச் சொல்லவே இல்லை.

ஒன்று மட்டும் அண்ணன் ரொம்ப நாள் கழித்து, தனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் சொன்னான். மஸ்கட்டை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவன் கடைசியாக ஒரு தடவை அதற்குள் போயிருக்கிறான். கிணற்றடியில் அவள் இருந்திருக்கிறாள். இவனுக்குக் கோபம், நீ யார், ஏன் இப்படிப் பொய் சொன்னாய், அம்மா உயிரோடு இருக்கிறாள், ஃபோனில் நானே பேசினேன் என்று கண்டபடி திட்டியிருக்கிறான். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். நான் பொய் சொல்லவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா ஃபோனில் என்னண்ணா பேசிச்சு என்று கேட்டிருக்கிறாள். இவனுக்குக் கோபம் அப்படியே வடிந்துவிட்டதாம். தடிமாடு என்று ஆரம்பித்து அம்மா திட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் டைப் அடித்திருக்கிறான்.

அடித்து முடித்ததும் அவள், இன்னொரு தடவை சொல்லுண்ணா என்றாளாம்.