பிஷப்புக்கு ஒரு டப்பா கேசரி

பிப்ரவரி முதல் ஞாயிறு, ரவுண்ட் ராக்கிலிருந்து எங்கள் பழைய ஊரான சுகர் லேண்டுக்கு ஒரு மன்னிப்புக் கேட்கப் போனேன். போக வர 356 மைல். போனிலேயே கேட்டிருக்கலாமே என்பவர்களுக்குச் சொல்கிறேன்: பதினோரு வருடமாகக் கையில் போன் இருந்தது, கேட்கத்தான் வாய் வரவில்லை.

அப்போது நாங்கள் சுகர் லேண்டில் மாடி அப்பார்ட்மெண்ட் ஒன்றில் குடியிருந்தோம். ஆகஸ்ட் மாதம், நான் ஏழு மாதக் கர்ப்பம். ஃப்ரீவே விபத்தில் முதுகு உடைந்து கணவர் செல்வின் ஆஸ்பத்திரியில் கிடந்தார். லீஸ் முடிந்து மாதக் கடைசிக்குள் வீடு மாற வேண்டிய நிலை. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தில் சொன்னேன், எல்லாரும் ஜெபிக்கிறோம் என்றார்கள். ஜெபம் நல்லதுதான், ஆனால் அது ஃபிரிட்ஜை மாடியிலிருந்து இறக்காது. (அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.)

கீழ் வீட்டு லிண்டா மார்மன் சபைக்காரர், அது அமெரிக்காவில் தோன்றிய தனிக் கிறிஸ்தவப் பிரிவு. அவர் யாரிடம் என்ன சொன்னாரோ, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர்கள் பிஷப் ஹார்ப்பர் ஆறு பேரோடும் மூன்று டிரக்கோடும் வந்து நின்றார். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா போனில், "அவங்க உபதேசமே வேற. வாசலோட பேசி அனுப்பிரு" என்றாள். பிஷப் என்றால் நான் பார்த்ததெல்லாம் அங்கி, மோதிரம், டிரைவர் வைத்த கார். இவர் டி-ஷர்ட்டோடு வந்து என் கிரைண்டர் கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஏசி ரிப்பேர் பார்ப்பதுதான் அவர் பிழைப்பாம், பிஷப் பொறுப்புக்குச் சம்பளமே கிடையாதாம். பதினோரு மணிக்குள் சாமான் எல்லாம் புது வீட்டில் இருந்தது.

நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தது காபிதான். அடுப்பைப் பொருத்தியதும் முதல் வேலையாக டிகாக்‌ஷன் இறக்கி, ஏழு டம்ளரில் நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோனேன். ஏழு பேரும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என் பாத்திரத்தைத் தூக்கலாம், அதில் குடிக்கக் கூடாதா? இனிமேல் என் வீட்டுப் பக்கம் வராதீர்கள்" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன். பிஷப் தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டு, இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார். காபியும் டீயும் அவர்கள் மதத்திலேயே விலக்கு என்று மகள் ஷெரின் பிறந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் லிண்டாவிடமிருந்து மெசேஜ். ஹார்ப்பரும் மனைவியும் பதினெட்டு மாத ஊழியத்துக்கு, பிப்ரவரி முதல் ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மங்கோலியா போகிறார்கள், சொந்தச் செலவில். அவருக்கு வயது அறுபத்தெட்டு, இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட். இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷி இல்லை என்று தோன்றியது. இந்த முறை என் கையால் செய்ததை அவர் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும், அதுதான் என் ஆசை. காபி ஆகாது, சரி. கேசரிக்கு எந்த வேதத்திலும் தடை இருக்க முடியாது.

செல்வின் கார் ஓட்ட, மூன்று பேரும் காலை 5:50க்குக் கிளம்பினோம். 71ஆம் ரோட்டில் பாஸ்ட்ராப், லா கிரேஞ்ச் தாண்டி, கொலம்பஸில் ஐ-10 நெடுஞ்சாலை பிடிக்க வேண்டும். கொலம்பஸில் பெட்ரோல் போட 31 டாலர், பாத்ரூமுக்குப் பதினைந்து நிமிடம். கேட்டி ஊரில் 99ஆம் ரோட்டுக்குத் திரும்பினால் சுகர் லேண்ட் நேராக வந்துவிடும். 9:20க்குச் சபை வாசலில் இருந்தோம். என் மடியில் கேசரி டப்பா, பையில் ஒரு பொன்னாடை. "மாம், திஸ் இஸ் சோ எம்பாரஸிங்" என்றாள் ஷெரின். அன்று என் வயிற்றில் இருந்தவள்தான்.

வாசலில் கைகொடுத்த பெண்ணிடம் பிஷப் ஹார்ப்பரைக் கேட்டேன். "அவர் இப்போது பிஷப் இல்லையே. ஆராதனைக்கு அடுத்த இரண்டாவது மணி நேரம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சரியில் இருப்பார்" என்றார். அங்கே பிஷப் என்பது சில வருடப் பொறுப்பு. முடிந்ததும் இறங்கி, கொடுக்கிற வேறு வேலையைச் செய்ய வேண்டும்.

"பதவி போயிட்டாம்ல, இப்ப பொன்னாடை வேஸ்ட்டா?" என்றார் செல்வின். முறைத்தேன்.

ஆராதனை முடிந்து நர்சரிக்குப் போனோம். ஹார்ப்பர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தார். சுற்றி ஒன்பது குழந்தைகள், ஒன்றின் மூக்கு அவர் டையில் துடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பெயரைச் சொல்வதற்குள், "கல் மெஷின்!" என்றார். கிரைண்டரைத்தான் சொன்னார். பொன்னாடையைப் போர்த்தினேன். அது அவர் தோளில் அரை நிமிடம்கூட இல்லை, மூன்று குழந்தைகள் இழுத்துக் கூடாரம் கட்டிவிட்டார்கள்.

அங்கேயே சொல்லிவிட்டேன். "அன்று உங்களை அப்படிப் பேசியது என் தப்பு. பதினோரு வருடமாக உறுத்துகிறது" என்றேன். கேசரி டப்பாவை நீட்டினேன்.

அவர் முகம் சங்கடமானது. "இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. எங்களுக்கு உபவாசம். தண்ணீர்கூடக் கிடையாது" என்றார்.

பதினோரு வருடம் யோசித்து, 178 மைல் தாண்டி வந்து, சரியாக அந்த ஒரு நாளில் சாப்பாட்டோடு நிற்கிறேன். அழுகை வந்துவிட்டது. சரி, குழந்தைகளுக்காவது என்றால், "முந்திரி இருக்கிறதா?" என்று கேட்டார். முந்திரி இல்லாமல் கேசரியா? அலர்ஜி பயத்தில் நர்சரிக்குள் முந்திரி, கடலை எதுவும் கூடாதாம், அதுவும் ஆகாது. அப்புறம் அவரே சொன்னார். "ஐந்து மணிக்கு வீட்டில் உபவாசத்தை முடித்துக்கொள்வோம். உங்களால் காத்திருக்க முடியுமா?"

"மண்டே ஆபீஸ், இவளுக்கு ஸ்கூல். மூணு மணி நேரம் டிரைவ் பண்ணணும்லா" என்று செல்வின் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஹில்கிராஃப்ட்ல போய் சாப்பிட்டு வருவோம்" என்று முடித்தார். நல்ல மனுஷன்.

இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் அங்கிருந்து 25 நிமிடம். மூன்று பேர் சாப்பாடு டிப்போடு 58 டாலர், பார்க்கிங் இலவசம், இடம் கிடைத்தால். வாழைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கினோம். சாம்பார் பரவாயில்லை. எனக்குத்தான் இறங்கவில்லை.

4:45க்கு ஹார்ப்பர் வீட்டில் இருந்தோம். ஹாலில் நான்கு பெட்டிகள் தயாராக நின்றன. மனைவி மார்லின் கேசரியைச் சூடாக்கிக் கிண்ணத்தில் வைத்தார். சுருக்கமாக ஜெபித்துவிட்டு, காலையிலிருந்து காய்ந்த வாயில் அவர் முதலில் வைத்தது என் கேசரியை. மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்ல?

"அன்று நான் கோபப்பட்டது நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது வயதில் பிலிப்பைன்ஸில் இரண்டு வருடம் ஊழியத்துக்காகக் கதவு கதவாகத் தட்டினேன். பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள். நீங்கள் திட்டினீர்கள், ஆனால் ஐஸ் போட்டுத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த வெயிலில் எனக்கு அதுதான் நினைவிருக்கிறது" என்றார். ஐஸ் போட்டதை நானே மறந்திருந்தேன்.

6:10க்குப் புறப்பட்டு 9:25க்கு வீடு வந்தோம். இப்படி ஒரு வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காபி, டீ வேண்டாம். ஜூஸ், இனிப்பு தாராளம். மாதத்தின் முதல் ஞாயிறைத் தவிருங்கள், அல்லது மாலை ஐந்து வரை இருக்கத் தயாராகப் போங்கள். குழந்தைகள் இருக்கிற இடத்துக்கு முந்திரி இல்லாமல் செய்யுங்கள், மனசு வந்தால். மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள், என்னிடம் அன்றும் இன்றும் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று கிளம்பும்போது ஹார்ப்பர் கார் வரை வந்தார். எதற்காக உபவாசம் இருந்தீர்கள் என்று கேட்டேன். "தைரியத்துக்காக. இந்த வயதில், மொழி தெரியாத ஊரில், மறுபடி வாசல் வாசலாகப் போய் நிற்க வேண்டும். யாரும் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வேன்?" என்றார். விடைகொடுக்கக் கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒருத்தியாவது திறப்பாள். திறந்து திட்டவும் திட்டுவாள். நீங்கள் தண்ணீர் கேளுங்கள்" என்றேன்.