புளூட்டோவிலும் எங்கள் மேட்டிலும்

புளூட்டோ என்று ஒன்று இருப்பது அந்த ஆடி பிறந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். தேயிலைச் செடியை வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க வைக்கும் வேலை. மழை வருமா என்று பார்க்கத்தான் வானத்தைப் பார்ப்பேன்.

மகள் தலவாக்கலையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானப் பிரிவு. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்தப் பிரிவுக்குப் போனது அவள்தான் முதல். ஒரு நாள் மாலை பள்ளி விட்டு வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள்.

"அப்பா, இதப் பாருங்க. இப்பத்தான் வந்திருக்கு."

பழுப்பும் வெள்ளையுமாக ஓர் உருண்டை. ரொட்டி மாதிரி இருந்தது. அப்படியே சொன்னேன்.

"ரொட்டியா? புளூட்டோவுக்கு ஒரு விண்கலம் ஒம்பது வருசம் ஓடிப்போயி எடுத்த படம்ப்பா இது."

"எங்கயும் நிக்காமலா?"

"நிக்காம."

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "நம்ம ஹட்டன் பஸ்ஸுல போயிருந்தா இன்னும் கொட்டகலையிலதான் நின்னுக்கிட்டு இருக்கும்."

மகள் சிரித்துவிட்டுப் பக்கத்திலிருந்து எடுத்த அடுத்த படத்தைக் காட்டினாள். மலைகள் தெரிந்தன. எல்லாம் ஐஸ் மலையாம். எங்கள் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலையை விட உயரமாம். அங்குள்ள குளிருக்கு ஐஸ் கருங்கல்லாக இறுகிக் கிடக்குமாம். மலைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சமவெளி. அதில் கோடுகள். கொத்மலை அணையில் தண்ணீர் இறங்கினால் கரையில் சேறு பாளம் பாளமாக வெடிக்கும். அதே மாதிரி.

"இது வெடிப்பா?"

"அப்படித்தான் தெரியுது. ஏன் அப்படி ஆச்சுன்னு பாத்துக்கிட்டு இருக்காங்களாம்."

எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஓர் எண் சொன்னாள். மனதில் நிற்கவில்லை. செய்தி அங்கிருந்து இங்கே வந்து சேரவே நாலரை மணி நேரம் ஆகும் என்றாள். அது நின்றது. அவ்வளவு தூரத்தில் கிடக்கும் வெடிப்பை யாரோ பார்த்துவிட்டார்கள்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கும் ஒரு வெடிப்பு இருந்தது.

லயத்துக்குப் பின்னால் மண்மேடு. அதற்கு மேல் தேயிலை. வைகாசி மழையில் மேட்டின் உச்சியில் ஒரு கீறல் விழுந்தது. என் மனைவியிடம் மட்டக்கம்பு இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்கள் செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கும் கம்பு. அதைக் கீறலுக்குக் குறுக்கே வைத்து, கத்தியால் அடையாளம் வெட்டினேன். முதலில் இரண்டு விரல். ஆனி முடியும்போது ஒரு சாண்.

கீழே ஐந்து வீடுகள். எங்கள் பின் காம்பரா மேட்டோடு ஒட்டியது. மகள் அதில்தான் படிப்பாள், தூங்குவாள்.

வேறு இடம் கேட்டு மூன்று தடவை அலுவலகத்துக்குப் போனேன். மண் பார்க்கும் அதிகாரி வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். ஆபத்து என்று அவர் எழுதினால்தான் ஐந்து குடும்பத்துக்கும் இடம். எழுதாவிட்டால் இல்லை.

தோட்டத்தில் ஒரு பழக்கம். வெளியிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே சுத்தம் செய்துவிடுவோம். பெரிய துரை வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி. தண்ணீர் ஓடக் கான் வெட்டுவோம், புல் செதுக்குவோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். யாரும் சொல்ல வேண்டாம். கை தானாகப் போகும்.

படம் பார்த்து நாலாம் நாள். நாளைக்கு அதிகாரி வருகிறார் என்று தோட்டத் தலைவர் வந்து சொன்னார். கை தானாகப் போனது.

ஐந்து வீட்டு ஆட்களும் இறங்கினோம். மேட்டைச் செதுக்கினோம். என் மனைவி வெடிப்பைப் பார்த்தாள்.

"என்னங்க, இது இப்படி வாயத் தொறந்துக்கிட்டு கெடக்கு. தண்ணி வேற எறங்கும். அடைச்சு விடுங்க."

சிவப்பு மண்ணைக் குழைத்து அடைத்தேன். மண்வெட்டி முதுகால் தட்டினேன். அவள் மேலே சாணி போட்டு மெழுகினாள்.

"கோலமும் போட்டு விடவா அண்ணே?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"போடு, அதிகாரிக்கு ஆரத்தியும் எடு," என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

மகள் அன்று மேலதிக வகுப்புக்குப் போயிருந்தாள். இருட்டித்தான் வந்தாள். மேட்டுப் பக்கம் அவள் போகவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். சிங்களவர். நல்ல மனிதர். கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார். நான் வெள்ளைச் சட்டை போட்டு நின்றேன். வெடிப்பு எங்கே என்று கேட்டார். காட்டினேன். குந்தி உட்கார்ந்து பார்த்தார். கையால் தடவினார்.

"லஸ்ஸனய்," என்றார்.

அழகாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே இருக்கிறது மாத்தயா என்றேன். என் சிங்களம் கடை வீதிக்குப் போதும். இதற்குப் போதவில்லை. மட்டக்கம்பை எடுத்து வந்து அடையாளங்களைக் காட்டினேன். கம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தோண்டிக் காட்டுகிறேன் என்று மண்வெட்டியைத் தூக்கினேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தார். மண்ணைக் கிளறக் கூடாது, வெடிப்பை அடைத்தது சரியான வேலை, நானே அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். என்னை மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். தூறல் விழுந்தது. இன்னும் நாலு தோட்டம் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார்.

மாலையில் மகள் மேட்டைப் பார்த்தாள்.

"யாருப்பா மெழுகினது?"

"நாங்கதான்."

"நோயாளிக்குப் பவுடர் பூசி டாக்டருக்கிட்ட கூட்டிட்டுப் போவீங்களா?"

மனைவி உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டு முன் இஸ்தோப்பில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள் மகள். கையில் போன். நான் கேட்டேன்.

"அது திரும்பி வருமா?"

"எதுப்பா?"

"படம் எடுத்தது."

"இல்லப்பா. அதால நிக்க முடியாது, திரும்பவும் முடியாது. ஒரே தடவதான். போற போக்குல எடுத்தது. இனிமே எது தெரியணும்னாலும் அந்தப் படத்துலதான் பாக்கணும்."

"மறுபக்கம்?"

"அது தூரத்துல இருந்து எடுத்தது. மங்கலாத்தான் இருக்கு."

அங்கே மெழுகி வைக்க ஆள் இல்லை. இருந்தது இருந்தபடி விழுந்திருக்கிறது.

ஐப்பசியில் கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பு இல்லை. தொடர்ந்து கவனித்து வரவும். கூடவே படத்தின் பிரதி. வெள்ளைச் சட்டையில் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நான் நிற்கிறேன். பின்னால் மேடு வழவழவென்று இருக்கிறது.

அதற்குள் பூசிய மண் கழன்று உள்ளே விழுந்திருந்தது. ஒரு சாணும் மூன்று விரலும். கம்பைக் குறுக்கே வைத்து மகள் போனில் படம் எடுத்து அனுப்பினாள். நானும் அலுவலகத்துக்கு நேரில் போனேன். உங்கள் இடம் பார்த்தாகிவிட்டது, பார்க்காத இடங்கள் முதலில், பிறகுதான் நீங்கள் என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. மேசையில் கோப்புகள் அடுக்கிக் கிடந்தன. இந்தப் பக்கம் மேடுகள் அதிகம். திரும்பி வந்தேன்.

புளூட்டோ படங்கள் வந்துகொண்டே இருந்தன. எடுத்தது ஒரே நாளில், வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் என்றாள் மகள். ஒரு படம் மட்டும் எனக்குப் பிடித்தது. மலைகளுக்குப் பின்னால் வெயில் சாய்கிறது. மலைக்கு மேலே மூட்டம் அடுக்கடுக்காக நிற்கிறது. வட்டவளைப் பக்கம் ரயிலில் போனால் இப்படித் தெரியும்.

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்லப்பா."

"சரி," என்றேன்.

அவள் கட்டிலை முன் காம்பராவுக்கு மாற்றினோம். பின் காம்பராவில் விறகு அடுக்கியிருக்கிறேன். மழை வலுத்தால் ஐந்து வீட்டாரும் கோயிலுக்குப் போய் உட்காருவோம். விட்டதும் திரும்பி வருவோம். போக வேறு இடம் இல்லை.

மகள் பரீட்சை எழுதி முடித்தாள். புளூட்டோ படங்களும் வந்து முடிந்துவிட்டனவாம். இனி புதிதாக ஒன்றும் வராதாம்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் மேட்டுக்கு ஏறிக் கம்பை வைக்கிறேன். அது பழைய கம்புதான். மனைவி கொழுந்துக்கு வேறு கம்பு வெட்டிக்கொண்டாள். இன்றும் ஓர் அடையாளம் வெட்டினேன். கம்பு முடிய இன்னும் நாலு விரல்தான் இருக்கிறது.