ஆர்கானிக் ஜட்டியும் வெள்ளி அரைஞாணும்

என் இரண்டு வயது மகனைக் கழிவறைக்குப் பழக்க, நாமக்கல் கடையில் ஆர்கானிக் பருத்தியில் தைத்த தடித்த பயிற்சி ஜட்டி வாங்கினேன். குழந்தைக்கு உறுத்தவே உறுத்தாது என்று அட்டையில் போட்டிருந்தது.

காலையில் போட்டதுமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். சற்று நேரத்தில் நனைத்தும்விட்டான். எனக்கு ஆத்திரம். கன்னத்தில் அறைந்து, "ஈரத்தோடயே கெட, அப்பத்தான் புத்தி வரும்" என்று மாற்றாமல் விட்டேன். அழ அழ இன்னும் இரண்டு அறை விழுந்தது.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்த கணவர்தான் ஜட்டியைக் கழற்றினார். "அழுவாத சாமி" என்றவர் என்னைக் கூப்பிட்டார்: "இங்க வந்து பாரு புள்ள, அரணாக்கொடி சதையில எறங்கியிருக்குது."

தாய்மாமன் என்று என் அண்ணன் இவனுக்கு ஆசையாகப் போட்ட வெள்ளி அரைஞாண்கொடி அது. இறுக்கமான எலாஸ்டிக் அதை அழுத்தி, இடுப்பைச் சுற்றிப் புண்ணாக்கியிருந்தது.

இப்போது கொடியைக் கழற்றிவிட்டேன். எலாஸ்டிக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால்தான் ஜட்டி போடுகிறேன். புண் ஆறிவிட்டது. ஆனால் நான் கையை நீட்டினால், அவன் கன்னத்தைப் பொத்திக்கொள்கிறான்.