பெரிய எழுத்து எழுந்து நிற்கும்

பழிவாங்குவது பாவம் என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அடி வாங்காத முதுகுக்குத்தான் அந்த ஞானமெல்லாம் வரும். ஜெயமணி டீச்சர் பழிவாங்கினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு வயிறு குளிர்ந்தது.

உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே ஒரு கிராமத்தின் நடுநிலைப்பள்ளி. எழுபதுகளின் கடைசி. அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர், நான் நாலாம் வகுப்பு டீச்சர். என் பெயர் தேவகி, காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். ஜெயமணி அந்த ஊர்க் காலனியிலேயே பிறந்தவள். பயிற்சி முடித்ததும் வேறு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். கேட்டு வாங்கிக்கொண்டு இங்கேயே வந்தாள்.

அவளுடைய அப்பா வேதகிரி, வீரபத்திரன் நிலத்தில் கூலி ஆள். ஊர் நஞ்சையில் பாதி வீரபத்திரனுடையது. காலனிக்காரர்கள் அவரை 'ஆண்டை' என்பார்கள். ஆண்டை வந்தால் உட்கார்ந்திருப்பவன் எழ வேண்டும், தோள் துண்டு கைக்கு இறங்க வேண்டும். ஒருமுறை அறுப்பு நேரத்தில் வேதகிரியின் காலில் முள் ஏறிவிட்டது. வரப்பில் உட்கார்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர், ஆண்டை வந்ததைக் கவனிக்கவில்லை. "உக்காரத் தெரிஞ்சவனுக்கு நிக்கவும் தெரியணும்" என்று சொல்லி, சித்திரை வெயிலில், நெல்லடிக்கிற களத்தின் நடுவே, பொழுது சாயும்வரை அவரை நிற்க வைத்தார் வீரபத்திரன். அப்பாவுக்குக் கூழ் கொண்டுபோன சின்னப்பெண் ஜெயமணி, சட்டியோடு களத்து ஓரத்தில் நின்று அதைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"எங்க நைனா உக்காரணும் தேவகி. அந்தாளு நிக்கணும். ஊரே பாக்கணும். அதுக்குத்தான் இந்த ஊருக்கே வந்துக்கீறேன்."

சோறு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குத்தான் விக்கல் எடுத்தது.

மூன்றாம் வகுப்பில்தான் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தொடக்கம். எந்த எழுத்தைப் பெரிதாகப் போடுவது, எதைச் சின்னதாகப் போடுவது என்பதில் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். நானெல்லாம் ஸ்கேலால் இரண்டு போட்டுப் புரிய வைக்கிற ரகம். ஜெயமணி அட்டைகள் வெட்டினாள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, நூல் கோத்துப் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டிவிடுவாள். ஒரு சொல்லைச் சொன்னால் அந்தந்த எழுத்துக்காரர்கள் வரிசையாக வர வேண்டும். பெரிய எழுத்து எழுந்து நிற்க வேண்டும், சின்ன எழுத்தெல்லாம் தரையில் உட்கார வேண்டும்.

"ஆளு பேருன்னா மொத எழுத்து நிக்கணும். ஊரு பேரு, கிழம, மாசம், அதுக்கும் நிக்கணும். மாடு, கலப்ப, நெல்லு, அதுக்கெல்லாம் உக்காந்துக்கலாம்."

காலனி முனியனின் மகள் செங்கேணி கேட்டாள்: "ஆண்டைக்கு டீச்சர்?"

"அது பேரு இல்லம்மா. உக்காரும்."

அந்த வகுப்பில் வீரபத்திரனின் பேரன் லோகநாதனும் இருந்தான். செங்கேணியின் பெயருக்கு அவள் முதல் எழுத்தாக நின்றாள், இவன் நடுவில் ஒரு சின்ன எழுத்தாகத் தரையில் உட்கார்ந்தான். பையனுக்கு அது வெறும் விளையாட்டு. வீட்டில் போய்ச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். மறுநாள் காலையிலேயே வீரபத்திரன் வந்துவிட்டார். அவர்தான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். வேறு யார் இருக்க முடியும்?

"எம் பேரன முனியன் பொண்ணு காலண்ட உக்கார வெச்சியாமே?"

"அவன் பேருக்கு அவன் நிப்பான்ங்க. அவ பேருக்கு அவ நிக்கறா."

"எம் பேருக்கு?"

"உங்க பேருக்கும் நிக்கும். எல்லார் பேருக்கும் நிக்கும்."

'எல்லார் பேருக்கும்' என்பது அவர் காதில் ஏறவில்லை. அவர் பெயருக்கு ஒரு பிள்ளை எழுந்து நிற்கும் என்பது மட்டும் ஏறியது. மீசையைத் தடவினார்.

"அப்ப ஆண்டு விழாவுல அத்தச் செய்யி. எம் பேரன் நிக்கட்டும். அதிகாரி பாக்கட்டும்."

அவர் போன பிறகு ஜெயமணி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். பருத்தி புடவையாய்க் காய்த்த மாதிரி ஆயிற்று அவளுக்கு. விழாவுக்கு வரவிருந்த கல்வி அதிகாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகளைப் பெற்றவர்களில் யாரை அறிமுகப்படுத்தினாலும் எழுந்து நின்று கும்பிடுவார், அவர் கந்தல் கட்டியிருந்தாலும் சரி. எத்தனையோ பள்ளி விழாக்களில் பார்த்திருக்கிறோம். அதிகாரி எழுந்தால் மேடையில் யார் உட்கார்ந்திருக்க முடியும்? பெரியவர்கள் நிற்கும்போது உட்காரக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவரால் மட்டும் முடியுமா?

விழா சாயங்கால வெயிலில் நடந்தது. மேடை மேற்கு பார்த்தது. முதலில் வீரபத்திரன் பெயர். பேரன் கழுத்தில் அட்டையோடு விறைப்பாக நின்றான், மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அதிகாரி எழுந்து கும்பிட்டார். வீரபத்திரனுக்கு முகமெல்லாம் பல்.

அடுத்து ஜெயமணி மைக்கில் சொன்னாள்: "இப்ப எங்க நைனா வேதகிரியோட பேரு."

பிள்ளைகள் வரிசை மாறினார்கள். முதல் எழுத்து நின்றது.

"வந்திருக்காரா?" என்று கேட்டபடியே அதிகாரி எழுந்தார். மேடையே எழுந்தது. வீரபத்திரன் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். அவருக்கு முட்டிவலி.

கூட்டத்துக்குப் பின்னால் தரையில் இருந்த வேதகிரியை அழைத்து வந்து, மேடைக்கு எதிரே தயாராகப் போட்டிருந்த நாற்காலியின் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் துண்டு கைக்கு வந்துவிட்டது.

"உக்காரு நைனா" என்றாள் ஜெயமணி.

அவர் உட்காரவில்லை. "உட்காருங்க ஐயா" என்று அதிகாரியும் சொல்லிப் பார்த்தார். வேதகிரியின் கண் வீரபத்திரனிடம் போயிற்று. அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காரு வேதகிரி. நானே சொல்றேன், உக்காரு."

வேதகிரி சட்டென்று உட்கார்ந்தார். 'பெரிய மனசு' என்று யாரோ சொன்னார்கள். கை தட்டல் வேறு. இத்தனை வருஷம் அவள் காத்த பழியைப் பிச்சையாக மாற்றி அவள் அப்பன் மடியிலேயே போட்டுவிட்டார் அந்த ஆள். ஜெயமணியின் உதடு வெளுத்துப்போயிருந்தது. அதோடு அவள் இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

"அடுத்தது முனியன். நம்ம செங்கேணியோட அப்பா" என்றாள்.

அது நிகழ்ச்சியில் இல்லவே இல்லை. ஆனால் அவள் பிள்ளைகளுக்கு ஊரில் இருக்கிற அத்தனை பெயரும் அத்துப்படி. முதல் எழுத்து நின்றது. முனியன் கூட்டத்தில் எழுந்தான். அதிகாரி எழுந்தார். உட்காரப்போன வீரபத்திரனும் பாதியிலேயே நிமிர்ந்தார். வேதகிரியும் பழக்கதோஷத்தில் எழப் பார்த்தார், நான் தோளை அழுத்தினேன்.

"பாஞ்சாலி. களை எடுக்கிற பாஞ்சாலி."

மறுபடியும் எழுந்தார்கள்.

"சுப்பிரமணி."

அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை, "அடுத்தது யாரும்மா?" என்று அவரே கேட்டார். ஜெயமணி காலனியை வீடு வீடாகக் கூப்பிட்டாள். வீரபத்திரன் எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். பிறகு உட்காருவதையே விட்டுவிட்டார். நேர் வெயிலில், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, வேர்வை மீசையில் இறங்க நின்றார். வேதகிரி எழுவதை மறந்துவிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் உட்கார்ந்துகொண்டே கை தட்டினார். அதை ஊரே பார்த்தது.

மறுமாதமே ஜெயமணிக்குச் செங்கல்பட்டுப் பக்கம் மாற்றல் வந்தது. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். "போறேன், இன்னா இப்போ?" என்றாள்.

விழா முடிந்த அன்று என்னை பஸ் ஏற்ற அப்பாவும் மகளும் கூட நடந்து வந்தார்கள். வேதகிரி துண்டைக் கையிலேயே பிடித்தபடி தலைகுனிந்து நடந்தார். ஜெயமணிக்குப் பயம் வந்துவிட்டது.

"இன்னா நைனா, கோவமா? வயசானவர நிக்க வெச்சிட்டேன்னு பாவமா கீதா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன இன்னா?"

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"களத்துல அந்தாளு என்னிய மட்டுமா நிக்க வெச்சான்? உங்க பெரியப்பன் செத்ததே அப்படி நின்னுதான். உனக்கு யாரும் சொல்லல. அவம் பேரக் கூப்புடாம வுட்டுட்டியே."